ஆறு கிலோ மிளகும் ராமதாஸ் மீது போடப்பட்ட திருட்டுப் பழியும்

குற்றச்சாட்டு. 2024 நவம்பர் 18, திங்கட்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு, எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமுள்ள இரும்பு வார்ப்பாலையின் உணவகத்தில், தலைமைச் சமையல்காரர் ராமதாஸின் கையில் ஒரு தாள் கொடுக்கப்பட்டது. அவர் ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம் மிளகைத் திருடினார் என்றும், அந்தக் குறையை மறைக்கப் பப்பாளி விதையைக் கொண்டுவந்து வைத்தார் என்றும், ஆகவே அன்று முதல் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார் என்றும் அதில் எழுதியிருந்தது. கொடுத்தது, அந்த உணவகத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் ‘அமுதநலம் உணவுச் சேவை’ நிறுவனம். எழுதியிருந்தது பொய். பொய் என்று தெரிந்துகொண்டே எழுதிய பொய்.

என் பெயர் மதி. ஊர் வியாசர்பாடி. பத்தாம் வகுப்புக்கு மேல் எனக்குப் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. மற்றதை நானாகப் படித்துக்கொண்டேன். அந்த உணவகத்தில் ஆறு ஆண்டுகள் சரக்கறைப் பொறுப்பாளராக இருந்தேன். இப்போது அங்கேயே எச்சில் தட்டுகளை எண்ணுகிறேன். இந்தப் பதவி உயர்வு எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதும் கீழே வரும்.

அமுதநலம் நிறுவனம் ‘அமுதத் துளி’ என்றொரு மாத இதழ் வெளியிடுகிறது. வழவழப்பான தாள், அதில் பஜ்ஜி எண்ணெயை ஒற்றி எடுக்கவும் முடியாது. அதன் 2025 ஜனவரி இதழில் ‘நம்மில் ஒருவர்’ என்ற பகுதியில் திரு. செங்குட்டுவனின் வாழ்க்கை இரண்டு பக்கத்துக்கு அச்சாகியிருக்கிறது. உணவக மேலாளராகவும் நலவாழ்வு ஆலோசகராகவும் ஒரே சம்பளத்தில் இரண்டு நாற்காலிகளில் அமர்ந்திருப்பவர் அவர். மூன்று நாள் பயிற்சி ஒன்றில் பெற்ற சான்றிதழைச் சட்டம் போட்டுத் தன் தலைக்கு மேல் மாட்டியிருக்கிறார். தொழிலாளிகளுக்கு மிளகின் மகிமையை உணர்த்திய முதல் மனிதர் என்று அந்தக் கட்டுரை அவரைப் புகழ்கிறது. கட்டுரையின் அடியில், சக ஊழியர் ஒருவரின் வாழ்க்கையை மற்றவர்களும் இரண்டாயிரம் சொற்களுக்குள் எழுதி அனுப்பலாம் என்று ஓர் அழைப்பு இருக்கிறது. அச்சில் வந்ததை நான் அப்படியே எடுத்துக்கொள்பவள். எனவே எழுதுகிறேன். நிறுவனம் இதை அச்சிடாது என்றும் எனக்குத் தெரியும் என்பதால், இதன் படிகள் வேறு கைகளுக்கும் போகின்றன.

ராமதாஸ் காசிமேட்டுக் குப்பத்தில் பிறந்தவர். பதினேழாம் வயதில் விசைப்படகில் ஏறினார். இருபதாம் வயதில் வலை இழுக்கும் இயந்திரம் அவருடைய இடக்கையின் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. வலை இழுக்க முடியாத கைக்குக் கரண்டி கொடுத்தார்கள். அந்தக் கரண்டியோடு இருபத்திரண்டு ஆண்டுகள் கடலில் சமைத்தார். எட்டு நாள், பத்து நாள் கரை காணாத பயணத்தில் எட்டுப் பேருக்கு மூன்று வேளை சோறு. விலை போகாத மீன்தான் குழம்புக்கு வரும். அதைத் தின்னும்படி ஆக்குவது மிளகு. குளிர்ந்த காற்றில் நனைந்து நின்றவனுக்குச் சோற்றில் ஊற்றிக் கொடுப்பதும் மிளகுத் தண்ணீர்தான்.

ஒரு பயணத்தின் மூன்றாம் நாள், ஓட்டுநருக்குச் சளியும் காய்ச்சலும். ராமதாஸ் புதிதாக வாங்கிய மிளகை நசுக்கிக் குழம்பு வைத்தார். வாயில் வைத்தவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தார்களாம். காரம் இல்லை, ஏதோ கசந்தது. பொட்டலத்தைக் கொட்டிப் பார்த்தால் பாதிக்குப் பாதி காய்ந்த பப்பாளி விதை.

“இன்னா ராமதாஸு, பப்பாளித் தோட்டத்துல வல போட்டியா?” என்று ஒருவர் கேட்டார். ஓட்டுநர் போர்வைக்குள்ளிருந்தே, “எனுக்கு ஜுரம் வுட்டுப் போச்சு, இப்ப வயிறு புடிச்சிகிச்சு” என்றார். அந்தப் பயணம் முடியும்வரை ராமதாஸுக்குப் ‘பப்பாளி’ என்றே பெயர். நடுக்கடலில் வேறு கடை ஏது?

அன்று முதல் அவருக்கு ஒரு வழக்கம் வந்தது. படகு கிளம்பி முகத்துவாரத்தைத் தாண்டியதும், வாளியில் கடல் தண்ணீரை மொண்டு, மிளகுப் பொட்டலம் முழுவதையும் அதில் கொட்டுவார். நல்ல தண்ணீர் படகில் குடிப்பதற்கு மட்டும். மூழ்கியது சட்டிக்கு, மிதந்தது கடலுக்கு. வேறெந்தச் சோதனையும் அவர் கற்கவில்லை. தேவையும் வரவில்லை.

முழங்கால் தேய்ந்து 2018இல் கரைக்கு வந்தபோது எங்கள் உணவகத்தில் சேர்ந்தார். அதற்கு முன் அங்கே வந்துகொண்டிருந்த ரசம் வெந்நீருக்கும் புளித்தண்ணீருக்கும் நடுவில் எங்கோ நின்றது. அரைத்த மிளகுத் தூள் மூட்டையாக வரும். திறந்த இரண்டாம் நாளே அதில் வாசனை இருக்காது. தூள் வேண்டாம், முழு மிளகு வேண்டும் என்று ராமதாஸ் கேட்டார். நான் அதைக் கோரிக்கைத் தாளில் எழுதினேன். நாலாவது கோரிக்கைக்குக் கிடைத்தது. அன்றன்று வேண்டியதை மட்டும் சீரகத்தோடு உரலில் போட்டு ஒன்றிரண்டாக இடிப்பார். ரசம் நுரை கட்டி வரும்போது போட்டு, கொதிக்க விடாமல் உடனே இறக்குவார். வாணலியில் கருகிய மிளகை அவர் சமையலில் யாரும் பார்த்ததில்லை. உலைக்களத்திலிருந்து வருகிறவர்கள் வரிசையில் நிற்கும்போதே மூக்கை உறிஞ்சத் தொடங்குவார்கள்.

கடைசல் பிரிவில் வேலை செய்யும் வல்லரசுவுக்கு இரத்த அழுத்தம். மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். ராமதாஸ் அவருக்கும் இன்னும் பதினோரு பேருக்கும் தனிச் சட்டியில் பாதி உப்பும் கூடுதல் மிளகுமாக ரசம் வைத்துத் தந்தார். மிளகின் காரம் நாக்கை வேலை வாங்குவதால் உப்புக் குறைந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. இதற்கு எந்த ஆலோசகரும் ஆலோசனை சொல்லவில்லை. எந்தச் சுவரொட்டியும் ஒட்டப்படவில்லை.

“மொளகு இன்னா நோயத் தீக்கும்ணா?” என்று ஒருநாள் நான் கேட்டேன். நூலகத்திலிருந்து அதைப் பற்றிய ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தேன்.

“நோயத் தீக்கும்னு யாரும்மா சொன்னது? மூக்கு அடச்சிகினு கீதா, தொறக்கும். நாக்கு செத்துக் கீதா, முழிச்சிக்கும். சாப்பாடு எறங்கும், செரிக்கும். மத்ததுக்கு ஆஸ்பத்திரி கீது. வயித்துல புண்ணு கீறவனுக்கு அதுவும் குடுக்கக் கூடாது.”

புத்தகமும் ஏறத்தாழ அவ்வளவுதான் சொன்னது. மிளகில் உள்ள காரச் சத்து மஞ்சளின் சத்தை உடல் ஏற்றுக்கொள்ள உதவுகிறது என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது. அதை அவரிடம் படித்துக் காட்டினேன். “அதான் கொழம்புல ரெண்டும் கீதே” என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

இனி திரு. செங்குட்டுவன். அவர் 2024 நவம்பரை ‘மிளகு மாதம்’ என்று அறிவித்தார். கை கழுவும் குழாய்க்கு மேலே எட்டடி நீளத்துக்கு ஒரு பதாகை கட்டினார். அதில் மிளகின் இருபத்தொரு நன்மைகள். சளி, இருமல், செரிமானம் என்று ஒழுங்காகத் தொடங்கி, சர்க்கரை, புற்று, வழுக்கை, ஞாபக மறதி வழியாக, இருபத்தொன்றாவதாக எதிர்மறை எண்ணங்களில் போய் முடிந்தது. அந்தக் குழாயடியில் அப்போது மூன்று வாரமாகச் சோப்பு இல்லை. என் பதிவேட்டில் தேதி இருக்கிறது.

மிளகு மாதத்துக்கென்று அவரே புதிதாக ஒரு மொத்த வியாபாரியைப் பிடித்தார். நவம்பர் 4, திங்கட்கிழமை சாக்கு வந்தது. பிரித்தவுடன் ராமதாஸ் கைவிட்டு அளைந்தார். முகம் மாறியது. நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். சாக்கின் மேல், நடு, அடி என மூன்று இடங்களில் எடுத்துக் கலந்து, மூன்று கண்ணாடிப் புட்டிகளில் இருநூறு கிராம் வீதம் நிரப்பி, வாயில் தாள் ஒட்டி, தேதி எழுதி, நானும் ராமதாஸும் அப்போது அங்கிருந்த வல்லரசுவும் கையெழுத்திட்டோம். மீதி ஆறு கிலோ.

“ஒரு கைப்பிடி போட்டுப் பாத்தா போதாதாண்ணா?”

“கைப்பிடில யோக்கியனா இருப்பான், மூட்டைல கலீஜ் பண்ணுவான். நீ அண்டாவ எடும்மா.”

ஆறு கிலோவையும் அண்டாத் தண்ணீரில் கொட்டினார். மிதந்ததை வடித்து, அடுப்பங்கரைச் சூட்டில் உலர்த்தி நிறுத்தோம்: ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம். தகர டப்பாவில் போட்டு, ‘கழிவு, தொடக் கூடாது’ என்று எழுதி ஒட்டினேன். மூழ்கியதைத் தட்டுகளில் பரப்பிக் காயவைத்துச் சமையலுக்கு எடுத்துக்கொண்டார். எல்லாம் பதிவேட்டின் 41ஆம் பக்கத்தில் இருக்கிறது. மறுநாள், நவம்பர் 5, வந்த சரக்கில் பப்பாளி விதை கலந்திருப்பதாகவும், அதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் திரு. செங்குட்டுவனுக்குக் கடிதம் எழுதினேன். என் படியில் அவர் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் போட்டார். போட்டுக்கொண்டே சொன்னார்: “அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம். மிளகு மாசத்துல மிளகு சரியில்லன்னு சொன்னா நெகட்டிவா இருக்கும்.”

இருபத்தொன்றாம் நன்மை அவருக்கு மட்டும் பலித்திருந்தது.

நவம்பர் 14 மதியம் அவர் ஒலிபெருக்கியோடு உணவக நடுவில் நின்றார்.

“டியர் பிரண்ட்ஸ், மிளகு ஒரு சூப்பர் ஃபுட். பாடிய டிடாக்ஸ் பண்ணும். இம்யூனிட்டிய பூஸ்ட் பண்ணும். இது நம்ம கிச்சன்லயே இருக்கிற மெடிசின்.”

வல்லரசு சோற்றுக் கையோடு எழுந்தார். “சார், ஒரு டவுட்டு. வழுக்கைக்கு நல்லதுன்னு போட்டுகீது. ரசத்த குடிக்கணுமா, தலைல ஊத்திக்கணுமா?”

மேசைகள் அதிர்ந்தன. திரு. செங்குட்டுவனின் கை தன்னையறியாமல் தன் தலைக்குப் போய் வந்தது. “ரெகுலரா எடுத்துக்குங்க, ரிசல்ட் தெரியும்” என்றார்.

“மொதல்ல உங்க மொளகுல மொளகு கீதா சார்?”

அடுக்களை வாசலில் நின்ற ராமதாஸுக்கு அது தன் சமையலைச் சொன்னதாகப் பட்டுவிட்டது. கரண்டியை நீட்டிக்கொண்டு வெளியே வந்தார். “டேய் வல்லரசு, என் ரசத்துல கை வைக்காத. வந்த மூட்டைல மூணுல ஒரு பங்கு குப்ப. அத்த தூக்கி டப்பால போட்டுட்டு, நல்லத மட்டும் பொறுக்கி உனுக்கு ஊத்துறேன்.”

முந்நூறு பேர் முன்னிலையில் சொன்னார். திரு. செங்குட்டுவன் ஒலிபெருக்கியை அணைத்தார். மாலையில் வந்து அந்தத் தகர டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். நான்கு நாள் கழித்து வந்ததுதான் திருட்டுத் தாள். தான் வாங்கிய சரக்கு குப்பை என்று ஆலை நிர்வாகத்துக்குத் தெரிவதைவிட, ராமதாஸ் திருடன் என்று ஆவது அவருக்கு வசதியாக இருந்தது.

வேலையிலிருந்து நீக்கி மூன்று நாள் கழித்து, நவம்பர் 21 அன்று விசாரணை. இடம், அதே பதாகையின் கீழே. விசாரித்தவர் திரு. செங்குட்டுவன். குற்றம் சாட்டியவரும் அவரே. நவம்பர் 5 கடிதத்தை நான் நீட்டினேன். “அது பரிசீலனையில் இருக்கிறது” என்று மடித்து ஓரமாக வைத்தார். பிறகு தன் பையிலிருந்து முத்திரை உடைக்காத விலையுயர்ந்த மிளகுப் பொட்டலம் ஒன்றை எடுத்தார்.

“இது ஏ ஒன் குவாலிட்டி. உங்க டெஸ்ட்ட இதுல செஞ்சு காட்டுங்க.”

ராமதாஸ் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்தார். பிறகு கல்லுப்பை இரண்டு கை அள்ளிப் போட்டுக் கரைத்தார். மிளகைக் கொட்டினார். நல்ல மிளகு. கனமான, கறுத்த, முழு மிளகு. அதில் ஒரு பகுதி மிதந்தது.

“பாத்தீங்களா?” என்றார் திரு. செங்குட்டுவன், சுற்றி நின்றவர்களிடம். “ஏ ஒன் மிளகே மிதக்குது. இதான் இவங்க சயின்ஸ்.”

ராமதாஸ் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. படகில் அவர் வாளியில் எப்போதும் இருந்தது கடல். கரைக்கு வந்த பிறகும், கடலின் உப்பு இல்லாத தண்ணீரை அவருக்குத் தண்ணீராக நம்பத் தெரியவில்லை. கை அளவில்லாமல் உப்பைப் போட்டது. உப்பு ஏற ஏறத் தண்ணீரின் கனம் ஏறும். மூழ்க வேண்டியதும் மேலே நிற்கும். பதிவேட்டின் 41ஆம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன்: ‘கல்லுப்பு, நான்கு கிலோ, அண்டாவுக்கு.’ சரக்கறையிலிருந்து போனது என்பதற்காக எழுதினேன். அது எதற்கு என்று கேட்கவில்லை. இந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. இதை மறைக்க மாட்டேன்.

“சார், இதையே உப்பில்லாத தண்ணில போட்டுப் பாருங்க. என் கிட்ட சீல் வச்ச புட்டி இருக்கு” என்றேன்.

“விசாரணை முடிந்தது” என்றார். ஒரு கிண்ணம் தண்ணீரைக் கண்டு இவ்வளவு பயந்த ஒரு நலவாழ்வு ஆலோசகரை நான் அதுவரை கண்டதில்லை.

மறுநாள் காலை, வல்லரசுவும் ராமதாஸின் மனைவி குப்பம்மாவும் பார்க்க, முதல் புட்டியைப் பிரித்தேன். வெறும் குழாய்த் தண்ணீர். மிதந்ததைத் துடைத்து, உலர்த்தி, ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சுருங்கிய, நீள்வட்டமான, பச்சை கலந்த பழுப்பு நிறப் பப்பாளி விதை நாற்பத்து நான்கு கிராம். உள்ளே ஒன்றுமில்லாத மிளகு பத்துக் கிராம். நல்ல மிளகு ஒன்றுகூட மிதக்கவில்லை. இந்தக் கணக்கில், ஆறு கிலோவில் பப்பாளி விதை மட்டும் ஒரு கிலோ முந்நூற்று இருபது கிராம். ராமதாஸின் உப்பு வீணாக ஒதுக்கிய நல்ல மிளகு, ஏறத்தாழ இருநூற்று எண்பது கிராம். அதுவும் டப்பாவுக்குத்தான் போனது; அவர் வீட்டுக்குப் போகவில்லை. டப்பா திரு. செங்குட்டுவனிடம் இருக்கிறது. திறந்து எண்ணிப் பார்க்க அவருக்கு இரண்டு கண்களும் பத்து விரல்களும் இருக்கின்றன. ராமதாஸுக்கு இருப்பதைவிட இரண்டு அதிகம்.

நவம்பர் 25 அன்று இந்த முடிவைப் பதிவுத் தபாலில் நிறுவனத்துக்கு அனுப்பினேன். பதில் மறுநாளே வந்தது, ஆனால் தாளில் அல்ல. சரக்கறைச் சாவியை வாங்கிக்கொண்டு என்னைத் தட்டு எண்ண அனுப்பினார்கள். டிசம்பர் 9 அன்று இரண்டாம் கடிதம். ஜனவரி 6 அன்று மூன்றாம் கடிதம். மூன்றுக்கும் ஒப்புகை அட்டைகள் என்னிடம் இருக்கின்றன. மூன்றுக்கும் பதில் இல்லை. பதிலுக்கு ‘அமுதத் துளி’ வந்தது.

ராமதாஸ் வேறு வேலை தேடாமல் இல்லை. திருவொற்றியூரில் ஓர் உணவகம், தண்டையார்பேட்டையில் ஒன்று. இரண்டிலும் சமைத்துக் காட்டச் சொன்னார்கள். இரண்டிலும் அவர் ரசத்தைக் குடித்துவிட்டு நாளைக்கே வாருங்கள் என்றார்கள். இரண்டிலும் பழைய இடத்துக்குத் தொலைபேசியில் பேசிய பிறகு வர வேண்டாம் என்றார்கள். அந்தத் தாளில் உள்ள ‘திருடினார்’ என்ற சொல் இருக்கும்வரை, எண்ணூரிலிருந்து ராயபுரம்வரை எந்த அடுக்களையும் அவருக்குக் கதவு திறக்காது.

சென்ற ஞாயிறு காலை காசிமேடு போனேன். குப்பம்மா மீன் விற்கும் இடத்தில், அவள் பக்கத்தில் ஒரு மரப்பலகையைப் போட்டுக்கொண்டு, வாங்குகிறவர்களுக்கு ராமதாஸ் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தார். என் கையில் இருந்த தாள்களைப் பார்த்ததும் குப்பம்மா தொடங்கிவிட்டாள்.

“வந்துட்டா, பேப்பர் கட்டத் தூக்கிகினு. அந்தாளு இவர திருடன்னு ஒரு பேப்பரு எழுதுனான். நீ இல்லன்னு ஒம்போது பேப்பரு எழுதுற. பேப்பருக்கும் பேப்பருக்கும் சண்ட. நடுவுல என் வூட்டுக்காரு செதிலு சொரண்டிகினு கீறாரு.”

“அவ எழுதட்டும், நீ வாய மூடு” என்றார் ராமதாஸ். பிறகு கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “உப்பு போட்டத எழுதிட்டியாம்மா?”

“இன்னும் இல்லண்ணா. அத்த எழுதுனா அவங்களுக்குத்தான் தோதா பூடும்.”

“எழுது. அது நான் பண்ண தப்பு. இருவத்திரண்டு வருசம் கடல்ல கெடந்தவன், கரைத் தண்ணிய மறந்துட்டேன். அத்த நீ மறச்சின்னா, மத்ததும் மறச்ச மாதிரிதான் ஆவும். நான் திருடல. அது மட்டும் வேணும் எனுக்கு.”

“வேலயும் வேணும்னு சொல்லுய்யா” என்றாள் குப்பம்மா.

அவர் சொன்னபடி எழுதிவிட்டேன். குப்பம்மா சொன்னதையும் சேர்த்துக் கேட்கிறேன்.

அமுதநலம் உணவுச் சேவை நிறுவனத்துக்கு: என்னிடம் முத்திரை பிரியாத புட்டிகள் இன்னும் இரண்டு இருக்கின்றன. ஒன்றை நீங்கள் விரும்பும் எந்த உணவுப் பரிசோதனைக் கூடத்துக்கும் அனுப்ப எடுத்துக்கொள்ளலாம். நவம்பர் 5 அன்று திரு. செங்குட்டுவன் கையெழுத்திட்டுப் பெற்ற கடிதத்தில் பப்பாளி விதை என்று எழுதியிருந்தது. அது ஏற்கெனவே சாக்கில் இருந்ததென்று தெரிந்த பிறகு, நவம்பர் 18 அன்று அதை ராமதாஸ் கொண்டுவந்து வைத்தார் என்று எப்படி எழுதினீர்கள்? தகர டப்பா இப்போது எங்கே இருக்கிறது? ‘திருடினார்’ என்ற சொல்லைத் திரும்பப் பெற்று ராமதாஸை அவர் அடுப்புக்கு அனுப்புகிறீர்களா, இல்லையா? 2025 பிப்ரவரி 28ஆம் தேதிக்குள், நிறுவனத்தின் தாளில், கையெழுத்தும் முத்திரையும் இட்டு, எழுத்து மூலமாகப் பதில் தர வேண்டும். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். யாரையும் பேச அனுப்பவும் வேண்டாம். தாளில் எழுதிய பழிக்குப் பதிலும் தாளிலேயே வர வேண்டும்.

மதி
வியாசர்பாடி, 2025 பிப்ரவரி 10